மூக்கு நுனியும் அடுத்த மூன்று மீட்டரும்

சென்னையிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் வடிவமைப்புப் படிக்கும் தம்பி தங்கையருக்கு,



அண்மைக் காலத்தில் என் மேசைக்கு வந்த மாணவர் வரைபடங்களில், 'பயணக் கேட்டமரன்' என்று தலைப்பிட்ட ஏறக்குறைய எல்லாவற்றிலும் அணியம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. நீர்மட்டத்தில் முன்னால் துருத்தி, மேல்தளத்தை நெருங்க நெருங்க உள்வாங்கும் அந்தக் கத்தி மூக்கை எங்கே பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அமெரிக்கக் கோப்பைப் படகுகளிலும், பிரான்சிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் பெரிய டிரைமரன்களிலும் பார்த்தீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் வரைந்திருப்பது நான்கு படுக்கையறை, இரண்டு குளியலறை, குளிர்பதனப் பெட்டி, எழுபது மீட்டர் நங்கூரச் சங்கிலி, அதற்கு மேல் ஒரு குடும்பம் என்று எல்லாவற்றையும் சுமக்க வேண்டிய படகு. அதற்கு இந்த மூக்கு ஏன் என்று கேட்டால் 'அலையைக் கிழிக்கும்' என்ற ஒரே விடைதான் வருகிறது. அந்த விடையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்த மடல்.

அணியம் என்று நம் கரையோர மக்கள் சொல்லும் முன்பகுதியைத்தான் நானும் அணியம் என்கிறேன். இரண்டு உடல் கொண்டதைக் கேட்டமரன் என்றும் மூன்று உடல் கொண்டதை டிரைமரன் என்றும் எழுதுகிறேன்.

முதலில், இந்த வகைப் படகுகளில் அணியத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய வேலை என்று பார்ப்போம். ஒற்றையுடல் பாய்மரப் படகு காற்று ஓங்கினால் பக்கவாட்டில் சரியும். சரியச் சரியப் பாயின் மேல் விழும் காற்று வழிந்துபோகும். அடியில் இருக்கும் ஈயப் பாரம் படகைத் திரும்ப நிமிர்த்தும். மாலுமிக்கும் நல்ல எச்சரிக்கை கிடைக்கும். கேட்டமரன் அப்படிச் சரியாது. ஆறேழு மீட்டர் அகலத்தில் இரண்டு கால்களை ஊன்றி நிற்கிறது. ஓங்கிய காற்றின் தள்ளலில் பெரும்பகுதி வேகமாக மாறுகிறது. பாக்கி, படகை முன்னால் கவிழ்க்கும் திருகலாக மாறுகிறது. பாய் தள்ளுவது உயரத்தில், நீர் தடுப்பது அடியில். அந்த உயர வேறுபாடுதான் நம் பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்கு. எட்டு டன் எடையுள்ள பயணப் படகில் பாய்கள் ஒரு டன் விசையோடு முன்னால் தள்ளுகின்றன, அந்த விசையின் மையம் நீரிலிருந்து எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். திருகல் எட்டு டன்-மீட்டர். இதைச் சமன் செய்ய, படகைத் தாங்கும் மிதவிசையின் மையம் ஒரு மீட்டர் முன்னால் நகர வேண்டும். இப்போது அதே விசையை மூன்று டன் எடையுள்ள பந்தயப் படகில் பத்து மீட்டர் உயரத்தில் வையுங்கள். மையம் மூன்றே கால் மீட்டருக்கும் மேலாக நகர வேண்டும். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்போது காற்றுப் பக்கத்து உடல் எடையிழந்து மேலே வர, மறுபக்கத்து உடல்தான் ஏறக்குறைய முழுச் சுமையையும் ஏற்கிறது. ஆகவே இந்த வேலை இரண்டு அணியங்களுக்கும் சமமாகப் பிரியாது. காற்றுக்கு மறுபுறம் இருக்கும் ஒற்றை அணியத்தின் தலையில் விழுகிறது. இவ்வகைப் படகுகள் கவிழும்போது பெரும்பாலும் மூலைவாட்டில் கவிழ்வது இதனால்தான். அந்த அணியம் நீரில் புகுந்து வெளியே வர மறுத்தால் படகு சட்டென்று நிற்கும், பாய்மரம் நிற்காது. குட்டிக்கரணம்தான்.

எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருக்கும் படகைக் காற்றோடு போகத் திருப்பும் சில விநாடிகள் மிக ஆபத்தானவை. வேகம் ஏறும், பாயின் விசை பக்கவாட்டிலிருந்து முன்னோக்கித் திரும்பும், தப்பிக்க நேரம் இருக்காது. 2012 அக்டோபர் 16 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆரக்கிள் அணியின் 72 அடிக் கேட்டமரன் கவிழ்ந்தது இப்படித்தான். திரும்பும்போது அணியங்கள் புதைந்தன, படகு தலைகுப்புற நின்றது, இறக்கை போன்ற அதன் திடப்பாய் நொறுங்கியது. நீரோட்டம் அதைக் கோல்டன் கேட் பாலத்துக்கு வெளியே இழுத்துச் சென்றது. அதன் அணியங்கள் உலகிலேயே அதிகப் பணம் செலவழித்துக் கணிக்கப்பட்டவற்றில் அடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

இந்தக் கவலை புதிதல்ல. 1876-இல் அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரஷாஃப் தன் அமரில்லிஸ் என்ற கேட்டமரனைக் கொண்டுவந்து நியூயார்க் பந்தயத்தில் ஒற்றையுடல் படகுகளைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு அத்தகைய படகுகளைப் பந்தயங்களிலிருந்தே விலக்கி வைத்தார்கள். பந்தயக் கதையைவிட எனக்குப் பிடித்தது அதன் இணைப்பு. இரண்டு உடல்களையும் உருள்மூட்டுகளால் சேர்த்திருந்தார்; ஒவ்வொரு உடலும் தன் போக்கில் முன்பின்னாக ஆடலாம். அதாவது, அலைக்கு அணியம் எப்படி எழும்பும் என்ற கேள்வியிலேயே அவர் தொடங்கியிருக்கிறார்.

பசிபிக் தீவுகளின் மரபில் வேறு விடைகள் இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் துணைமிதவை கொண்ட மைக்ரொனீசியப் படகுகளில் திசை மாறும்போது பாயைத்தான் மறுமுனைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்; முன்னும் பின்னும் ஒன்றே, ஆகவே அணியமே அடுத்த நொடி அமரமாகிவிடும், அதாவது பின்பகுதியாகிவிடும். இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம் பசிபிக் உடல்களைப் பார்த்துக் கற்றார். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள டங்கரோவாவில் 1955-56-இல் அட்லாண்டிக்கைத் தாண்டினார். அதற்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வீட்டு முற்றத்தில் கட்டிக்கொண்ட அவருடைய வடிவங்களில் அணியம் உயர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து, குறுக்குவெட்டில் 'வி' போல மேலே விரியும். அமிழ அமிழ நீளமும் கூடும், அகலமும் கூடும். மெதுவான படகுகள், ஆனால் தலை புதைவது அரிது. பந்தயக்காரர்கள் அவற்றைக் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களில் பலர் தலைகீழாக மிதந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுகோடியில் ஹோபி 16. கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர் கடற்கரை விளையாட்டுக்காக உருவாக்கிய படகு. லட்சத்துக்கும் மேல் விற்றது. நீருக்குள் இறங்கும் செங்குத்துப் பலகை இல்லை. உடல்கள் வாழைப்பழம் போல வளைந்தவை, முன்பகுதி மெல்லியது. வேடிக்கைக்கு அதைவிடச் சிறந்த படகு இல்லை. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது ஓட்டுபவர் பின்னால் போய் உட்காரத் தவறினால் மறுபக்கத்து அணியம் புதைந்து, ஆட்களை முன்னால் வீசும். கரையருகில் வெதுவெதுப்பான நீரில் அது சிரிப்பு. நடுக்கடலில் அல்ல.

இனி நீளத்துக்கு வருகிறேன். கத்தி அணியம் எங்கிருந்து வந்தது என்பதன் விடை கடலில் இருப்பதைவிடப் பந்தய விதிப் புத்தகத்தில் அதிகம் இருக்கிறது. பருத்த ஒற்றையுடல் படகு தன் நீர்க்கோட்டு நீளம் அனுமதிக்கும் வேகத்தில் சிக்கிக்கொள்கிறது. 12 மீட்டர் நீர்க்கோட்டுக்கு அது ஏறத்தாழ எட்டரை நாட். நீளம் அகலத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் போகும் ஒல்லி உடலுக்கு அந்தச் சுவர் அவ்வளவு கறாரானதல்ல. ஆனாலும் நீர்க்கோடு நீள நீள அலைத்தடை குறைகிறது. பந்தய விதியோ படகின் மொத்த நீளத்தைக் கட்டுகிறது: முன்பிருந்த பிரெஞ்சு ஆர்மா வகுப்பில் 60 அடி, ஃபார்முலா 18-இல் 18 அடி, இன்றைய அல்டிம் டிரைமரன்களில் 32 மீட்டர். மொத்த நீளத்துக்கு வரம்பு இருந்தால், முன்னோக்கிச் சாயும் அணியம் வீண். நீருக்கு மேல் தொங்கும் அந்த அரை மீட்டரை நீருக்குள் வைக்கலாமே. இதனால் அணியம் செங்குத்தானது.

இந்த இடத்தில் நிதானியுங்கள். செங்குத்தான அணியமே நீளத்தை முழுதாகத் தந்துவிட்டது. அதைப் பின்னோக்கிச் சாய்த்தால் நிலைநீரில் நீர்க்கோடு ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது. அப்படியானால் பந்தயப் படகு ஏன் இன்னும் சாய்க்கிறது? ஒரு காரணம், எடை. நுனியின் மேற்பகுதியை வெட்டி எடுத்தால் படகின் முனையில் இருக்கும் கிலோக்கள் குறையும். முனையில் எடை குறைந்தால் முன்பின் ஆட்டம் குறையும். காவடித் தண்டின் இரு நுனியிலும் குடம் தொங்கினால் ஆட்டத்தை நிறுத்துவது எவ்வளவு சிரமமோ, அதே சிரமம் இங்கும். மற்றொரு காரணம், இருபது முப்பது நாட் வேகத்தில் முன் அலையின் முதுகை எட்டிப்பிடிக்கும் படகுக்கு, அலையின் மேல் ஏறுவதைவிட அதற்குள் புகுந்து போவது மேல். ஏறினால் வேகம் சட்டென்று குறையும், பாய்மரம் குலுங்கும், பாயில் ஒட்டி ஓடும் காற்றோட்டம் உடையும். மெல்லிய அணியம் புகுந்து, கொஞ்ச தூரம் நீருக்கடியில் ஓடி, வெளியே வரும். அது வெளியே வருவதற்குத்தான் மேல்தளத்தை மீனின் முதுகு போல உருட்டி விடுகிறார்கள். தட்டையான தளமாக இருந்தால், நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால் கணக்கு 1.2 டன். அணியத்தை வெளியே கொண்டுவர வேண்டிய நேரத்தில் அதன் மேல் ஒரு கார் நிற்கிறது.

உங்கள் வரைபடங்களில் பின்சாய்வு இருந்தது. உருண்ட தளம் இல்லை. பயணிகள் உட்கார வசதியாகத் தட்டையான முன்தளம், அதில் மெத்தை. ஒன்று பின்சாய்வை விடுங்கள், அல்லது தட்டைத் தளத்தை விடுங்கள்.

பந்தய உலகமே இந்த விஷயத்தைச் சுலபமாகக் கற்றுவிடவில்லை. 1994-இல் பீட்டர் பிளேக்கும் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் என்சா என்ற கேட்டமரனில் 74 நாள் 22 மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தார்கள். முடிவுக்கோட்டை நெருங்கும்போது புயல். படகு அலைச்சரிவில் வேகமெடுத்துத் தலை புதைக்காமலிருக்கக் கனத்த கயிறுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார்கள். வேகத்துக்காகக் கட்டிய படகை வேகம் எடுக்காமல் தடுப்பதே கடைசி நாளின் வேலை. அமெரிக்கச் செல்வந்தர் ஸ்டீவ் ஃபாசெட்டின் பிளேஸ்டேஷன் என்ற கேட்டமரன் 1998-இல் 105 அடியாக நீரில் இறங்கியது. 2000-இல் அதையே 125 அடியாக நீட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அட்லாண்டிக் சாதனையும், செயேன் என்ற பெயரில் 2004-இல் 58 நாள் உலகச் சுற்றும் வந்தன. நீளம் சேர்த்தால் அணியம் முன்னால் போகிறது, மிதவிசைக்கு நெம்புகோல் கிடைக்கிறது. இருபது அடி சேர்க்க எல்லோரிடமும் ஃபாசெட்டின் பணம் இல்லை. ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது.

2002 ரூட் டு ரும் அட்லாண்டிக் பந்தயத்தில் புறப்பட்ட 18 ஆர்மா டிரைமரன்களில் மூன்றுதான் கரை சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் அணியம் காரணமல்ல. பாய்மரம் முறிந்தவை உண்டு, குறுக்குக் கை உடைந்தவை உண்டு. ஆனாலும் அந்த வகுப்பு அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பிரிட்டனின் பீட் காஸ் கட்டிய 120 அடி டீம் பிலிப்ஸின் கதை இன்னும் கசப்பானது. ஊசி போன்ற, அலையைத் துளைக்கும் உடல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாய்மரம். 2000 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டங்களிலேயே இடது உடலின் முன்பகுதி முறிந்து போனது. செப்பனிட்டு மீண்டும் இறக்கினார்கள். டிசம்பரில் அட்லாண்டிக் புயலில் ஆட்கள் அதைக் கைவிட்டு ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார்கள். மெல்லிய அணியம் என்றால் உள்ளே வலுவூட்டும் சட்டங்களுக்கு ஆழம் இல்லை. பக்கவாட்டு விசையை மெல்லிய தோலே தாங்க வேண்டும். நீரியக்கத்தில் வென்று கட்டுமானத்தில் தோற்கும் இடம் அது.

அலையைத் துளைப்பது பற்றி இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இன்கேட் நிறுவனம் கட்டும் அலைதுளைக்கும் பயணிக் கப்பல்களைப் பாருங்கள். 1990-இல் அட்லாண்டிக்கை மூன்று நாள் எட்டு மணி நேரத்துக்குள் கடந்து ஹேல்ஸ் கோப்பையை வென்ற ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன் அந்த வகைதான். பக்கத்து உடல்கள் இரண்டும் கத்திகள். ஆனால் நடுவில், நீரைத் தொடாமல், மூன்றாவதாக ஒரு கொழுத்த அணியம் தொங்குகிறது. சாதாரணக் கடலில் அதற்கு வேலையே இல்லை. பெரிய அலை வந்து கத்திகள் ஆழப் புகும்போது அது நீரில் பட்டு, முழுக் கப்பலையும் தூக்குகிறது. துளைத்துப் போவதைத் தொழிலாகக் கொண்டவர்களே, துளைத்தல் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த வரம்பு எங்கே?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பக்கவாட்டுப் படத்தில் தெரியும் கோடு, அதாவது அணியம் முன்னால் சாய்கிறதா பின்னால் சாய்கிறதா என்பது, நீங்கள் நினைப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட முக்கியமில்லை. ஒன்றரை மீட்டர் உயர அணியத்தைப் பதினைந்து பாகை பின்னால் சாய்த்தால் மேல்தளத்தில் நுனி நாற்பது சென்டிமீட்டர் உள்வாங்குகிறது. அந்த முக்கோணத்தின் சராசரி அகலம் பத்து சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். நுனியில் அதற்கு மேல் இருக்காது. இழந்த கொள்ளளவு 0.03 கன மீட்டர். முப்பது கிலோ மிதவிசை. அவ்வளவுதான்.

இப்போது நுனியிலிருந்து பின்னால் மூன்று மீட்டர் வரை உள்ள குறுக்குவெட்டுகளைப் பாருங்கள். நீர்க்கோட்டுக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு, சராசரி அகலத்தை நாற்பதிலிருந்து எழுபது சென்டிமீட்டராக ஆக்கினால் கூடும் கொள்ளளவு 0.9 கன மீட்டர். தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல். அது படகின் நடுவிலிருந்து நாலரை மீட்டர் முன்னால் வேலை செய்கிறது, நான்கு டன்-மீட்டர். முதலில் போட்ட எட்டு டன்-மீட்டர் திருகலில் பாதியை ஒரே அணியம் தடுத்துவிடுகிறது. முப்பது கிலோவைப் பற்றிப் புகைப்படங்கள் பேசுகின்றன. தொள்ளாயிரம் கிலோவைப் பற்றி உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் சின்னதாக இருக்கும் குறுக்குவெட்டுத் தொகுப்பு பேசுகிறது. புகைப்படங்களைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பதற்காக நீங்களும் பக்கவாட்டிலேயே யோசிக்காதீர்கள்.

ஆகவே பின்சாய்ந்த அணியம் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. இன்று பல பிரெஞ்சுப் பயணக் கேட்டமரன்களில் லேசான பின்சாய்வு இருக்கிறது. அவை கடலைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஏனென்றால் அவற்றின் தோள், அதாவது நுனிக்குப் பின்னால் உள்ள அந்த முதல் மூன்று மீட்டர், பருத்திருக்கிறது. பயணப் படகில் பின்சாய்வு பெரிய தீமையும் செய்வதில்லை, நன்மையும் செய்வதில்லை. வேஷம். வேஷத்துக்கும் விலை உண்டு. துறைமுக மேடையை நோக்கி மெதுவாக வரும்போது மேல்தளத்தில் நிற்பவருக்குத் தன் படகின் நுனி தெரியாது. அது காலுக்குக் கீழே, முன்னால், நீரோடு இருக்கிறது. மிதவை மேடையின் அடியில் போய்ச் செருகிக்கொள்ளும்.  கனத்த நீர் முன்தளத்தின் மேல் தாராளமாக வரும். உருட்டிய தளத்தில் ஈரத்தில் நின்று நங்கூரம் வாங்கச் சொன்னால் உங்கள் வாடிக்கையாளர் உங்களை வாழ்த்த மாட்டார்.

சரி, தோளைப் பருமனாக்கினால் போதுமா? அங்கேதான் உண்மையான கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது. தொள்ளாயிரம் கிலோ மிதவிசை தேவையில்லாத நேரத்திலும் வந்து நிற்கும். எதிர்க்காற்றில், குட்டையான செங்குத்தான அலைகளில், ஒவ்வோர் அலையும் அந்தப் பருத்த தோளைப் பிடித்துத் தூக்கும். அணியம் எழும், பிறகு விழும், தண்ணீர் அறையும், வேகம் போகும். உள்ளே படுத்திருப்பவருக்கு வயிறு புரளும். இரண்டு முனையும் ஒரே மாதிரி ஒல்லியாக இருந்தாலும் தொல்லைதான்: தொட்டில் போல முன்பின்னாக ஆடிக்கொண்டே இருக்கும். பின்புறம் அகன்று, முன்புறம் ஒல்லியாக இருந்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். ஆனால் பின்னால் வரும் அலை அந்த அகன்ற பின்புறத்தைத் தூக்கி, ஒல்லி மூக்கைக் கீழே அழுத்தும். எதை எடுத்தாலும் எதையோ கொடுக்கிறோம். ஆஸ்திரேலியாவின் லாக் குரோதர் தன் கேட்டமரன்களில் நீர்க்கோட்டுக்குக் கீழே குமிழ் அணியம் வைத்தது இந்த ஆட்டத்தை மட்டுப்படுத்தத்தான். அது வேலை செய்தது. இன்று அது நாகரிகத்தில் இல்லை. நாகரிகத்தில் இல்லாத தீர்வுகளை மாணவர்களாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சமரசம், நீர்க்கோட்டில் ஒல்லி, மேலே ஒரு முறிவு, அதற்கு மேல் தோள். நல்ல பயணக் கேட்டமரன்களில் உடலின் உட்புறத்தில் ஓடும் அந்த மடிப்புக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே நீர் ஒல்லி உடலைப் பார்க்கிறது; மேலே படுக்கையறைக்கு அகலம் கிடைக்கிறது; அணியம் ஆழப் போகும்போது மட்டும் அந்தத் தோள் வேலைக்கு வருகிறது. இன்கேட் கப்பலின் நடு அணியம் செய்யும் வேலையை இரண்டு உடல்களுக்கும் பகிர்ந்து கொடுத்தது போல. கேள்வி, அந்த முறிவை எந்த உயரத்தில் வைப்பது என்பதுதான். சாதாரண அலை தொடாத உயரம் வேண்டும்; அணியம் புதைவதற்கு முன் தொடும் உயரமும் வேண்டும். பன்னிரண்டு மீட்டர் படகுக்கு அறுபது சென்டிமீட்டரிலிருந்து தொடங்கி யோசிப்பேன்.

அந்த அறுபதை எதிலிருந்து அளக்கிறீர்கள்? வரைபடத்தின் நீர்க்கோட்டிலிருந்து என்றால் போச்சு. பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இரண்டு உடல்களின் நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ பதினேழு சதுர மீட்டர். கடல்நீரில் ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் சுமார் 170 கிலோ. குடும்பம் ஏறி, இரண்டு டன் சாமான் ஏறினால் படகு பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கும். அறுபது நாற்பத்தெட்டாகும். நடுத்தளத்துக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியும் அதே பன்னிரண்டு குறையும். தளத்தின் அடியில் அலை அறையும் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பயணப் படகு வாங்குபவர் சாமான் ஏற்றாமல் இருக்கப் போவதில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் டிக் நியூவிக் சொல்லி வந்த விதி இது: வேகம், வசதி, குறைந்த விலை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்க முடியும். உங்கள் வரைபடங்கள் மூன்றையும் எடுத்திருந்தன.

எடையின் இருப்பிடமும் அணியத்தின் பகுதிதான். பத்து மில்லிமீட்டர் சங்கிலி எழுபது மீட்டர் ஏறத்தாழ 160 கிலோ. நங்கூரத்தைச் சேர்த்தால் இருநூறை நெருங்கும். அதை நடுவிலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் வைத்தால் ஆட்டத்துக்குத் தரும் பங்கு நான்கு என்றால், இரண்டரை மீட்டரில் வைத்தால் ஒன்று. தூரத்தின் வர்க்கமாகக் குறைகிறது. சங்கிலிப் பெட்டியைப் பாய்மரத்தின் அருகே கொண்டுவாருங்கள். ஜெனரேட்டரை அணியத்துக்குள் திணிக்காதீர்கள். அங்கே இடம் இருப்பது காலியாக வைத்திருக்கத்தான். மோதினால் நீர் புகுந்தாலும் பின்னால் போகாதபடி ஒரு தடுப்புச் சுவரும் அங்கே வேண்டும். முன்னால் இரு உடல்களுக்கும் நடுவே திடத்தளம் போடாமல் வலை கட்டுவதும் இதே காரணத்துக்காக: எடை இல்லை, நீரும் தேங்காது.

நீருக்கடியில் இறக்கை போல நின்று படகைத் தூக்கும் ஃபாயில்களைப் பற்றிக் கேட்பீர்கள். பந்தயப் படகின் அணியம் இவ்வளவு மெலிய முடிந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மறுபக்கத்து உடலில் வளைந்த ஃபாயில் மேல்நோக்கித் தூக்கும்போது, அணியத்தின் மிதவிசை செய்ய வேண்டிய வேலையை அது எடுத்துக்கொள்கிறது. 2017-இல் இறங்கிய 32 மீட்டர் டிரைமரன் ஜிதானா நடுக்கடலிலேயே நீரைவிட்டு எழும்பிப் பறக்க வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஃபாயிலின் தூக்கு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. படகு அலையில் முட்டி நின்றுவிட்டால், அணியத்துக்கு உதவி மிகத் தேவைப்படும் அதே கணத்தில், ஃபாயில் கைவிட்டுவிடும். கொள்ளளவு கைவிடாது. எட்டு நாட் வேகத்தில் போகும் உங்கள் எட்டு டன் குடும்பப் படகுக்கு ஃபாயில் எதுவும் செய்யாது.

பிரான்சின் விபிஎல்பி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சாதனை டிரைமரன் குரூப்பாமா 3 அவர்களுடையது. கடலெங்கும் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் லகூன் கேட்டமரன்கள் பலவும் அவர்களுடையவை. அந்த லகூன்களின் அணியம் பருத்தது, ஏறக்குறையச் செங்குத்தானது. உலகின் மிக மெல்லிய அணியங்களை வரையத் தெரிந்தவர்கள், பயணப் படகுக்கு அதை வரையவில்லை.

அடுத்த பருவத்து வரைபடத்துக்கு என் வேண்டுகோள் இது. முதல் தாளில் எடைப் பட்டியல் இருக்கட்டும்: வெறும் படகு, சாமான் ஏறிய படகு, அதற்கு மேல் வாங்குபவர் கேட்காமல் ஏற்றப் போகும் இன்னொரு டன். மூன்று நீர்க்கோடுகளையும் வரையுங்கள். முழுப் பாயோடு மறுபக்கத்து உடலில் விழும் திருகலைக் கணக்கிடுங்கள். அதற்குப் பிறகு முதல் மூன்று மீட்டரின் குறுக்குவெட்டுகளை வரைந்து, அவை அந்தத் திருகலை எந்த அமிழ்வில் தாங்குகின்றன என்று எண்ணில் எழுதுங்கள். அந்த எண் சரியாக வந்தபின் நுனியை முன்னால் சாய்ப்பதோ பின்னால் சாய்ப்பதோ உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். எண் இல்லாமல் வரும் வரைபடத்தை மட்டும் தயவுசெய்து என்னிடம் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
படகு வரையும் உங்கள் அண்ணன்